எட்டா, பதினாறா? - கணினி நினைவகமும் நம் தமிழும்



அண்மையில் கிள்ளானிலிருந்து என் முன்னாள் மாணவி ஒருத்தியின் தந்தை தொலைபேசியில் அழைத்தார். துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டுபவர். மகள் ஆறாம் படிவத்தில் சேர்கிறாள். அவளுக்கு மடிக்கணினி வாங்குவதற்காகக் கடையில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், ஒரே மாதிரி ரெண்டு இருக்கு. ஒண்ணு எட்டு ஜிபி, இன்னொண்ணு பதினாறு. சில நூறு வெள்ளி வித்தியாசம். எட்டே போதும்னா மிச்சக் காசுல அவளுக்குப் புத்தகம் வாங்கிடுவேன். நீங்க என்ன சொல்றீங்க?"

'எட்டு போதும்' என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. ஒரு நாள் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. 2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில், என் மகனின் இணைய வகுப்புக்காக அவசரமாக ஒரு மடிக்கணினி வாங்கினேன். பணத்தை மிச்சப்படுத்த எண்ணி, 4 ஜிபி நினைவகம் கொண்டதைத் தேர்ந்தெடுத்தேன். தேவைப்பட்டால் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். இரண்டே ஆண்டுகளில் அது திணறத் தொடங்கியது. பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சென்றபோதுதான், அதன் நினைவகம் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது, கூட்ட வழியே இல்லை என்று தெரிந்தது. பிழை என்னுடையதே. கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

அன்று மாலை அந்தத் தந்தைக்குச் சொல்ல வேண்டியதைக் குறித்துக்கொண்டே வந்தபோது, இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதும், அந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் நம் தமிழுக்கும் பங்குண்டு என்பதும் நினைவுக்கு வந்தன. அதன் விரிவே இக்கட்டுரை. நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நினைவகத்தில் நாம் செய்யும் சிக்கனம் இருவகைப்படும். ஒன்று, பின்னர் திருத்திக்கொள்ளக்கூடியது. மற்றொன்று, என்றைக்கும் திருத்த முடியாதது. 'எவ்வளவு வேண்டும்?' என்று கேட்பதற்கு முன், நாம் செய்யப்போவது எந்தவகைச் சிக்கனம் என்று கேட்க வேண்டும்.

கரும்பலகையும் அலமாரியும்

பெற்றோர் பலர் குழம்பும் இடம் ஒன்றை முதலில் தெளிவுபடுத்திவிடுவோம். கடை விளம்பரத்தில் '8 ஜிபி, 256 ஜிபி' என்று இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எண் சேமிப்பகம். சிறிய எண் நினைவகம், அதாவது 'ரேம்'. வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். சேமிப்பகம் புத்தக அலமாரி போன்றது. பள்ளி முடிந்து விளக்கை அணைத்தாலும் புத்தகங்கள் அங்கேயே இருக்கும். நினைவகம் கரும்பலகை போன்றது. பாடம் நடக்கும்போது எழுதுகிறோம். மணி அடித்ததும் அழிக்கிறோம். பலகை சிறியதாக இருந்தால் பாதிக் கணக்கை அழித்துவிட்டு மீதியை எழுத வேண்டும். அழித்தது மீண்டும் தேவைப்பட்டால் அலமாரிக்கு ஓட வேண்டும். கணினி 'மெதுவாகிவிட்டது' என்று நாம் சலித்துக்கொள்ளும் நேரங்களில் பெரும்பாலும் அது இப்படித்தான் அலமாரிக்கும் பலகைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அலமாரியைப் பின்னர் பெரிதாக்குவது பெரும்பாலும் எளிது. பலகையைப் பெரிதாக்குவதுதான் இன்றைய மடிக்கணினிகளில் கடினமாகிவிட்டது. அது எப்படி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மணி கோத்த கைகளும் பினாங்கு ஆலையும்

தொடக்கக்காலக் கணினி நினைவகம் உண்மையாகவே மணி கோப்பது போன்ற வேலையால் ஆனது. கடுகளவு காந்த வளையங்களை மெல்லிய கம்பிகளில் கோத்துக் கட்டம் கட்டமாகப் பின்னுவார்கள். ஒரு வளையம் ஒரு 'பிட்'டை, அதாவது ஆம் அல்லது இல்லை என்ற ஒரே ஒரு செய்தியைத் தாங்கும். நுணுக்கமான அந்தக் கைவேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1959-இல் வெளிவந்து உலகெங்கும் அலுவலகங்களில் புகழ்பெற்ற ஐபிஎம் 1401 கணினியில் இத்தகைய நினைவகமே இருந்தது. ஓர் அறையையே அடைத்துக்கொண்ட அந்த இயந்திரத்தின் மிகப்பெரிய நினைவகம் 16,000 எழுத்துகளை மட்டுமே கொள்ளும்.

மாற்றம் 1960-களின் பின்பகுதியில் வந்தது. ஐபிஎம் நிறுவனப் பொறியாளர் ராபர்ட் டென்னார்ட், ஒரு பிட்டை ஒரேயொரு டிரான்சிஸ்டரும் ஒரு சிறு மின்தேக்கியும் கொண்டு வைத்திருக்கும் முறையைக் கண்டார். 1968-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று நம் மடிக்கணினிகளில் உள்ள நினைவகமும் அடிப்படையில் அதே முறைதான். அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே நொடிக்குப் பலமுறை அதை மீண்டும் நிரப்ப வேண்டும். வாய்பாட்டை மறந்துவிடாமல் திரும்பத் திரும்ப ஒப்பிக்கும் பிள்ளையைப் போல, நினைவகம் தன்னைத்தானே ஓயாமல் நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் நின்றால் எல்லாம் மறந்துபோகும்.

அதே 1968-இல் நினைவகச் சில்லுகளைச் செய்வதற்காகவே இன்டெல் நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1970-இல் அது வெளியிட்ட 1103 என்னும் சில்லு 1,024 பிட்டுகளைக் கொண்டது. ஒரு கிலோபைட்டுக்கு அத்தகைய எட்டுச் சில்லுகள் தேவை. நம் லாரி ஓட்டுநர் கேட்ட 8 ஜிபிக்கு அவற்றில் 6 கோடியே 71 இலட்சம் வேண்டும்!

இங்கேதான் நம் நாடு கதைக்குள் வருகிறது. 1972-இல் இன்டெல், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பொருத்துதல் ஆலையைப் பினாங்கின் பாயான் லெப்பாசில் அமைத்தது. வேறு பல மின்னணு நிறுவனங்களும் அதே காலத்தில் அங்கே வந்தன. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் 1970-களில் சுங்கைவே, உலு கிள்ளான் தடையற்ற வாணிக மண்டலங்களில் மின்னணு ஆலைகள் எழுந்தன. கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் இளம்பெண்கள் ஆலைப் பேருந்துகளில் ஏறி வேலைக்குச் சென்றனர். நுண்ணோக்கியில் கண் பதித்து, தலைமுடியை விட மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தனர். நம் மாணவர்களின் பாட்டிமார்களில் அந்த வேலை பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கணினி வரலாறு என்றால் கலிபோர்னியாவில் நடந்தது என்று மட்டும் பிள்ளைகள் எண்ணிவிடக்கூடாது. வரலாற்றுப் பாடத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லலாமே!

'640 போதும்' என்ற முடிவு

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் அடிப்படை நினைவகம் 16 கிலோபைட். அதில் இருந்த இன்டெல் 8088 செயலி 1,048,576 பைட்டுகளை மட்டுமே முகவரியிட்டு அறியும். வடிவமைத்தவர்கள் அதில் 384 கிலோபைட்டைத் திரை முதலிய கருவிகளுக்கென ஒதுக்கிவிட்டு, மீதி 640 கிலோபைட்டை நிரல்களுக்கு விட்டார்கள். 16 கிலோபைட் விற்ற காலத்தில் அதைப் போல 40 மடங்கு இடம் விடுவது பெருந்தாராளமாகத்தான் தோன்றியிருக்கும். ('640 கிலோபைட் எவருக்கும் போதும்' என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. அப்படித் தாம் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்திருக்கிறார்.)

சில ஆண்டுகளிலேயே அந்த எல்லை கழுத்தை நெரித்தது. மேலும் நினைவகம் வாங்கிச் செருகினாலும் நிரல்களால் அதை நேரடியாகப் பயன்படுத்த முடியவில்லை. 1990-களின் முற்பகுதி வரை அதைச் சுற்றிவளைத்துக் கடப்பதற்கென்றே தனி நிரல்களும் தந்திரங்களும் தேவைப்பட்டன. 1981-இல் வரைந்த கோட்டைப் பின்னால் வந்தவர்கள் எளிதில் அழிக்க இயலவில்லை. நான் சொன்ன இரண்டாம்வகைச் சிக்கனத்துக்கு இது முதல் எடுத்துக்காட்டு.

தமிழுக்கு எத்தனை இடம்?

இரண்டாவது எடுத்துக்காட்டு நமக்கு இன்னும் நெருக்கமானது. அது நம் எழுத்தைப் பற்றியது.

இடச் சிக்கனம் தமிழுக்குக் கணினியோடு வந்த புதுச் சிக்கல் அன்று. ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் அச்சுக்கோப்பவரின் பெட்டியில் ஒவ்வோர் எழுத்து வடிவத்துக்கும் ஓர் அறை வேண்டும். 1935-இல் பெரியார் தம் குடிஅரசு இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது, கற்பதற்கும் அச்சிடுவதற்கும் எளிமை என்பதே அவர் காட்டிய காரணம். தமிழ்நாடு அரசு 1978-இல் அதை ஏற்றது. துதிக்கை போல் வளைந்த பழைய ணை, லை, ளை, னை வடிவங்களும், பழைய ணா, றா, னா வடிவங்களும் மறைந்து இன்றைய வடிவங்கள் வந்தன. நம் நாட்டுப் பாடநூல்களும் பின்னர் அவ்வழியே சென்றன.

அதன்பின் கணினி வந்தது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தையும் 16 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம் கொண்ட கட்டத்தில் வரைந்தால் ஓர் எழுத்துக்கு 32 பைட். 247 எழுத்துக்கு 7,904 பைட். 64 கிலோபைட் கொண்ட ஒரு கணினியில், ஒரு சொல்கூட எழுதும் முன்பே எட்டில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். இத்தகைய நெருக்கடியான காலத்தில்தான் நம் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' செயலியை உருவாக்கினார். கனடாவில் முனைவர் சீனிவாசனின் 'ஆதமி'யும் அதே காலத்தைச் சேர்ந்தது. இன்றைக்கு ஒரு கைப்பேசிப் படத்துக்குக்கூடப் போதாத நினைவகத்தில் அவர்கள் தமிழை ஓட வைத்தார்கள். அந்த உழைப்பை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்த இடுக்கம் குறியீட்டில் வந்தது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்றால் 256 இடங்களே உண்டு. அதில் பாதி ஆங்கிலத்துக்கும் கட்டளைகளுக்கும் போய்விடும். மீதி 128 இடங்களில் 247 எழுத்துகளை எப்படி வைப்பது? ஆளுக்கொரு வழி கண்டார்கள். ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்ததை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். 1990-களில் மின்னஞ்சல் வைத்திருந்த ஆசிரியர்கள் எவரும் அந்த வேதனையை மறந்திருக்க மாட்டார்கள்.

இதைத் தீர்க்கவே 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோர் முயற்சியில் அறிஞர்கள் கூடினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் வழி, ஆங்கிலத்தோடு சேர்ந்து வருவதற்கு 'டாப்', தமிழுக்கு மட்டும் 'டாம்' என இரு குறியீடுகளும், தமிழ்99 விசைப்பலகையும் வகுக்கப்பட்டன. 2000-இல் உத்தமம் அமைப்பு பிறந்தது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. 2013-இல் மீண்டும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடியது.

இதற்கிடையே 1991-இல் யூனிகோடு வந்திருந்தது. இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டுக் குறியீட்டை அடியொற்றி, தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் தந்தார்கள். உயிரெழுத்துக்கும், அகரமேறிய மெய்க்கும், துணைக்குறிகளுக்கும், புள்ளிக்கும் தனித்தனி இடம் உண்டு. மற்ற உயிர்மெய்களுக்கு இல்லை. 'கி' என்பது க-வும் கொக்கியும் சேர்ந்த இரு குறியீடுகள். 'க்' என்பது க-வும் புள்ளியும். இந்திய மொழிகள் அனைத்தையும் ஒரே அச்சில் வார்க்கும் எண்ணமும், இடச் சிக்கனமும் இதன் பின்னணியில் இருந்தன. அன்றைய யூனிகோடின் மொத்தப் பரப்பே 65,536 இடங்கள்தாம். உலக மொழிகள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது.

ஐந்தே ஆண்டுகளில், 1996-இல், அந்தப் பரப்பு 11 இலட்சத்துக்கும் அதிகமான இடங்களாக விரிந்தது. 247 எழுத்துக்கும் தாராளமாக இடமுண்டு! ஆனால் ஒருமுறை கொடுத்த குறியீட்டை நீக்கவோ இடம் மாற்றவோ மாட்டோம் என்பது யூனிகோடின் உறுதிமொழி. அந்த உறுதி இல்லாவிட்டால் பழைய ஆவணங்கள் படிக்க முடியாமல் போகும் என்பதால் அதைக் குறை சொல்லவும் இயலாது. தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் தனி இடம் தரும் 'டேஸ்16' குறியீட்டைத் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து அறிவித்தது. ஆயினும் உலகம் யூனிகோடு வழியே போய்விட்டது.

விளைவை வகுப்பறையிலேயே காணலாம். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று முதலாம் ஆண்டு மாணவனைக் கேளுங்கள், மூன்று என்பான். கணினியின் உள்கணக்கைக் கேளுங்கள், ஐந்து என்னும். இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் அந்தச் சொல் 15 பைட் எடுத்துக்கொள்ளும். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட் போதும். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்க, தமிழ்க் குறுஞ்செய்தியில் 70 குறியீடுகளே அடங்குவதும் இந்தக் குடும்பத்துச் சிக்கலே.

யூனிகோடால் தமிழுக்குக் கிடைத்த நன்மை பெரிது. இன்று எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தெரிவதும், தேடினால் கிடைப்பதும் அதனால்தான். நினைவகம் மலிந்துவிட்டதால் கூடுதல் பைட்டுகளும் இன்று சுமையில்லை. திருக்குறள் 1330-ஐயும் எடுத்துக்கொள்வோம். ஒரு குறளுக்குத் தாராளமாக 60 குறியீடு என்று வைத்தாலும், மூன்று பைட் வீதம் மொத்தம் 239,400 பைட். முழுத் திருக்குறளும் கால் மெகாபைட்டுக்குள் அடங்கும்! 8 ஜிபி நினைவகத்தில் அதை 35,000 முறைக்கு மேல் எழுதி வைக்கலாம். இடம் பெருகிவிட்டது, ஆனால் இடம் சிறுத்திருந்த நாளில் எடுத்த முடிவு மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. இதைத்தான் கவனிக்க வேண்டும்.

'போதும்' என்பதன் ஆயுள்

நம் பள்ளிகளுக்கு வருவோம். நான் பார்த்த கணினிகள் ஒவ்வொன்றும் வந்த நாளில் போதுமானவையாகவே இருந்தன. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது, அப்பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் ஒளிவீச்சுக் கருவியும் வழங்கப்பட்டன. அக்காலத்து விண்டோஸ் எக்ஸ்பி கேட்ட குறைந்த அளவு 64 மெகாபைட். 128 இருந்தால் நலம். 2007-இல் வந்த விஸ்டா 512 மெகாபைட் கேட்டது. 2010-ஐ ஒட்டி மலிவான சிறு மடிக்கணினிகள் பரவின. அரசும் '1மலேசியா நெட்புக்' என்ற பெயரில் வசதி குறைந்த குடும்பங்களுக்கு வழங்கியது. அந்தவகைக் கணினிகள் பலவற்றில் 1 ஜிபியே இருந்தது. 2013-ஐ ஒட்டிக் குரோம்புக்குகள் பள்ளிக்கு வந்தன. வேலையின் பெரும்பகுதியைத் தொலைவில் உள்ள கணினிகளே செய்துவிடும், கையில் உள்ளதற்குச் சிறிய நினைவகம் போதும் என்பது அவற்றின் தத்துவம். 2021-இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது குறைந்தது 4 ஜிபி. இருபது ஆண்டுகளில் 64 மடங்கு!

பெருந்தொற்றுக் காலத்தில் இது வெறும் எண்ணாக இல்லை. 2020 மார்ச் 18 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்குக் கருவிகள் வழங்கும் 'செர்டிக்' திட்டம் பின்னர் வந்தது. அதுவரை எத்தனையோ வீடுகளில் ஒரே கைப்பேசியில் மூன்று பிள்ளைகள் படித்தனர். நேரலை வகுப்பைத் திறந்தால் பயிற்சித்தாள் திறக்காது. பயிற்சித்தாளைத் திறந்தால் ஆசிரியரின் குரல் அறுந்துபோகும். கரும்பலகை சிறியதாக இருப்பதன் பொருளை அந்நாளில்தான் நான் நன்றாக உணர்ந்தேன்.

விலை எப்போதும் இறங்குமா?

'இன்று குறைவாக வாங்குவோம். நாளை மலிந்ததும் கூட்டிக்கொள்வோம்' என்பது நம்மில் பலரின் கணக்கு. நீண்டகாலக் கணக்கில் அது சரியே. 1970-களிலிருந்து பார்த்தால் நினைவகம் மலிந்ததைப் போல வேறு எந்தப் பொருளும் மலிந்ததில்லை எனலாம். ஆனால் அது சீராக இறங்கும் படிக்கட்டன்று. 1993 ஜூலையில் ஜப்பானில் சில்லுகளுக்கான பிசின் செய்யும் ஆலையொன்றில் வெடிவிபத்து நேர்ந்ததும் விலை துள்ளியது. 1999 செப்டம்பர் 21-இல் தைவான் நிலநடுக்கத்துக்குப் பின்பும் அப்படியே. இன்று உலகின் நினைவகத்தில் பெரும்பங்கைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் அவற்றின் உற்பத்தியை அள்ளிக்கொண்டதால் 2025-இன் இறுதியில் விலை கடுமையாக ஏறியது. ஆகவே 'அடுத்த ஆண்டு மலியும்' என்று யாரும் உறுதி கூற முடியாது.

கேட்க வேண்டிய கேள்வி

இனி, கடைக்குப் போவோம். முன்பு இம்பி பிளாசாவிலும் பின்னர் லோயாட் பிளாசாவிலும் கணினி வாங்கியவர்கள் அறிவார்கள். கடைக்காரர் திருகாணியைக் கழற்றி, பழைய பட்டையை எடுத்துவிட்டுப் பெரியதைச் செருகித் தருவார். பத்து நிமிட வேலை. 2008-இல் வந்த மேக்புக் ஏர் 2 ஜிபி நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்தே வந்தது. கணினி மெலிய வேண்டும், மின்கலம் நீடிக்க வேண்டும் என்ற காரணங்களால் மற்ற நிறுவனங்களின் மெல்லிய கணினிகளும் அவ்வழியே சென்றன. வாங்கிய அன்று எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவே.

எனவே என் பரிந்துரை இது.

முதலாவதாக, 'இதில் நினைவகம் கூட்டச் செருகுவாய், அதாவது ஸ்லாட் இருக்கிறதா? அது காலியா?' என்று கேளுங்கள். கடைக்காரரின் வாய்ச்சொல்லோடு நில்லாமல் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலும் பாருங்கள். ஸ்லாட் இருந்தால் 8 ஜிபி வாங்குவது திருத்தக்கூடிய சிக்கனம், அஞ்ச வேண்டாம். பற்றவைக்கப்பட்டது என்றால், நான்கைந்து ஆண்டுகள் பயன்படுத்த எண்ணுவோர் 16 ஜிபிக்கு முயல்வது நல்லது.

இரண்டாவதாக, கையிருப்பு போதாதென்றால் சேமிப்பகத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். அதைப் பெரும்பாலான கணினிகளில் பின்னர் மாற்றலாம். வெளியே தனியாகவும் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, தேவையை அளந்து பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே விண்டோஸ் கணினி இருந்தால், பிள்ளை வழக்கமாகப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட்டு, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் நினைவகம் எவ்வளவு செலவாகிறது என்று தெரியும். கட்டுரை எழுதுவது, இணைய வகுப்பு, சில பக்கங்களைத் திறந்து படிப்பது ஆகியவற்றுக்கு 8 ஜிபி இன்று போதும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அதற்கு மேல் தேவையில்லை. காணொளித் தொகுப்பு, நிரலாக்கம், வடிவமைப்பு படிப்பவர்களுக்கே கூடுதல் வேண்டும்.

நான்காவதாக, பழைய கணினி வாங்குவதில் இழுக்கில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் கணினிதானா என்று பார்த்து வாங்குங்கள்.

மறுநாள் அந்தத் தந்தையை அழைத்து இவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் மீண்டும் கடைக்குச் சென்றார். முதல் நாள் பார்த்த இரண்டுமே பற்றவைக்கப்பட்டவையாம். அருகிலேயே சற்றுத் தடிமனான, பார்வைக்கு அழகில்லாத ஒன்று இருந்திருக்கிறது. 8 ஜிபிதான், ஆனால் ஒரு ஸ்லாட் காலி. விலையும் எட்டு ஜிபிக்குச் சொன்ன விலையே.

"மக முகத்த சுளிச்சா சார், கொஞ்சம் கனமா இருக்குன்னு. நான்தான், பின்னால கூட்டிக்கலாம்னு சொல்லி வாங்கிட்டேன். மிச்சக் காசுல புத்தகமும் வாங்கியாச்சு" என்றார்.

அவருக்கு நான் 'எட்டு' என்றும் சொல்லவில்லை, 'பதினாறு' என்றும் சொல்லவில்லை. கேள்வியை மட்டுமே மாற்றிக் கொடுத்தேன். 2020-இல் எனக்கு யாராவது அதைச் சொல்லியிருந்தால் என் மகன் அந்தக் கணினியோடு அவ்வளவு போராடியிருக்க மாட்டான். கணினி வாங்கும் எண்ணத்தில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.